கஞ்சா ஆணைக்குழு அறிக்கையும் தடைச்சட்ட விவாதமும்: ஒரு விமர்சன நோக்கு

1

கஞ்சாவைச் சட்டம் விலக்குதல் வேண்டுமா, அனுமதித்தல் வேண்டுமா என்னும் வினாவுக்கு உலக நாடுகள் இன்னும் ஒருமுகமான விடையைக் கண்டில. உருகுவே 2013ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, அதன் விளைச்சலையும் விற்பனையையும் அரசின் மேற்பார்வைக்குட் கொண்டுவந்தது. கனடா 2018இல் அதன் விற்பனையை அனுமதித்தது. ஜேர்மனி 2024இல், வளர்ந்தோர் சிறிதளவு கஞ்சாவை வைத்திருத்தல் குற்றமன்று என விதித்தது. தாய்லாந்தோ 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலினின்றும் நீக்கி, மூன்று ஆண்டுகளின் பின்னர், வைத்தியரின் சீட்டின்றி அதனை விற்றலாகாது என மீண்டும் கட்டுப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலம், போதைப்பொருள்களைச் சிறிதளவில் வைத்திருத்தலைக் குற்றவியற் சட்டத்தினின்றும் 2020இல் விடுவித்து, 2024இல் அவ்விடுதலையைத் திரும்பப் பெற்றது.

அரசுகள் இவ்வாறு முன்னும் பின்னுமாக அசைவதற்குக் காரணம் யாது? செடியின் இயல்பு நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. அதனைப் பற்றி நாம் அறிந்துகொள்ளும் முறையிலும், அறிந்ததைச் சட்டமாக்கும் முறையிலுமே குறைபாடு உண்டெனக் கருத இடமிருக்கின்றது. இக்குறைபாட்டை விளங்கிக்கொள்வதற்குப் பழைய ஆவணமொன்று பெரிதும் துணைபுரியும். பிரித்தானிய இந்தியாவில் 1893ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்டு, 1894இல் தன் பணியை முடித்த இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவின் அறிக்கையே அது. தடைநீக்கத்தை வேண்டுவோர் இவ்வறிக்கையின் முடிவை ஆர்வத்தோடு எடுத்துக்காட்டுவர். தடையை வேண்டுவோர் அதனைக் கண்டுகொள்வதே இல்லை. இவ்விரு சாராரும் அறிக்கையின் முடிவை மட்டுமே நோக்கி, அதன் உண்மையான பெறுமதியைத் தவறவிடுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். அப்பெறுமதி, அம்முடிவை அடைவதற்கு ஆணைக்குழு கையாண்ட விசாரணை முறையிலே தங்கியுள்ளது.

2

அறிக்கை தோன்றிய சூழலை முதலில் நோக்குவோம். மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபாடு மிக்கவரான வில்லியம் கேய்ன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், 1893 மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் பொதுமக்கள் சபையில் வினாவொன்றை எழுப்பினார். வங்காளத்திற் கஞ்சா விளைவித்தலும் விற்றலும் மக்களின் ஒழுக்கத்துக்கும் நல்வாழ்வுக்கும் கேடு விளைவிக்கின்றனவா என ஆராய ஆணைக்குழுவொன்றை நியமிக்க வேண்டுமென்பது அவர் கோரிக்கை. இந்திய அரசாங்கம் அதனை ஏற்று, வங்காளத்துக்கு மட்டுமன்றி இந்தியா முழுமைக்கும் அவ்வாராய்ச்சியை விரிவுபடுத்தியது. மக்வேர்த் யங் தலைமையில் அமைந்த குழுவில் ஆங்கிலேயரோடு இந்தியர் மூவரும் உறுப்பினராயிருந்தனர். குழு 1,193 சாட்சிகளின் கூற்றுகளைத் திரட்டியது. அறிக்கையும் இணைப்புகளும் 7 தொகுதிகளாய், 3,000 பக்கங்களுக்கு மேல் விரிந்தன.

பொருளைப் பகுத்து நோக்கியமை இவ்வறிக்கையின் முதற் சிறப்பாகும். உலர்ந்த இலையாகிய பங், பெண் செடியின் பூங்கொத்தாகிய கஞ்சா, பிசினாகிய சரஸ் ஆகிய மூன்றும் வெவ்வேறு வலிமையுடையன. வெவ்வேறு மக்கட் பிரிவினரால் வெவ்வேறு முறைகளில் நுகரப்படுவன. ஒன்றன் மீது சுமத்தப்படும் பழியை மற்றொன்றின் மீது ஏற்றலாகாது என்பதில் ஆணைக்குழு கவனமாயிருந்தது. விழாக்களிலே பங் அருந்துதல், சிவ வழிபாட்டோடு கஞ்சாவுக்குள்ள தொடர்பு, வயல்களிலும் வேலைத்தலங்களிலும் உழைப்போர் களைப்பு நீங்கப் புகைத்தல், நாட்டு வைத்தியத்தில் அதன் இடம் என்பனவெல்லாம் அறிக்கையில் தனித்தனியே ஆராயப்பட்டுள்ளன.

ஆணைக்குழுவின் முடிவு வருமாறு: மிதமான நுகர்வு, உடலுக்கோ உள்ளத்துக்கோ ஒழுக்கத்துக்கோ குறிப்பிடத்தக்க தீங்கு எதனையும் விளைவிப்பதில்லை, மிகையான நுகர்வு தீங்கானது, எனினும் மிகையாக நுகர்வோர் ஒப்பீட்டளவிற் சிலரே. முழுமையான தடை அவசியமுமன்று, உசிதமுமன்று. தடைசெய்யின் மக்கள் மதுவையோ ஊமத்தை முதலிய கொடிய பொருள்களையோ நாடக்கூடும். ஆதலின், அனுமதி பெற்றோர் மட்டும் பயிரிடல், விற்பனை நிலையங்களின் தொகையைக் குறைத்தல், ஒருவர் வைத்திருக்கத்தக்க அளவை வரையறுத்தல், போதிய வரி விதித்தல் ஆகியவற்றால் நுகர்வைக் கட்டுப்படுத்துதலே தக்கது என ஆணைக்குழு பரிந்துரைத்தது. வங்காளத்தின் நவகாவுன் பகுதியில் அத்தகைய கண்காணிப்பின் கீழ்ப் பயிரிடும் முறை ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

3

அறிக்கையின் மிக முக்கியமான பகுதி, கஞ்சாவுக்கும் சித்தப்பிரமைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பகுதியாகும். கஞ்சா மக்களைப் பைத்தியராக்குகின்றது என்பது அக்காலத்து ஆட்சியாளரிடையே ஐயத்துக்கிடமற்ற உண்மையாகக் கொள்ளப்பட்டிருந்தது. அதற்கு ஆதாரமாக மனநோய் விடுதிகளின் புள்ளிவிபரங்கள் ஆண்டுதோறும் காட்டப்பட்டு வந்தன. ஆணைக்குழு அப்புள்ளிவிபரங்களை அப்படியே ஏற்றிருப்பின், அதன் பணி மிக எளிதாய் முடிந்திருக்கும். ஆனால், இவ்வெண் எவ்வாறு உருவாயிற்று என்ற வினாவை அது எழுப்பியது.

அவ்வினாவுக்குக் கிடைத்த விடை வியப்பூட்டுவது. மனநோயாளரை விடுதிக்கு அனுப்பும்பொழுது, நோயின் காரணத்தைக் குறிக்குமாறு ஒரு படிவம் கோரியது. அதனை நிரப்பியோர் பெரும்பாலும் பொலிசாரும் கீழ்நிலை உத்தியோகத்தருமே. தெருவில் அலைந்து திரிந்தவனின் வரலாற்றை அவர்கள் அறியார். காரணம் தெரியாதென எழுதவும் விரும்பார். ஆகவே, வழக்கமாய் எழுதப்படும் காரணமாகிய கஞ்சாவை எழுதினர். விடுதியின் பதிவேடு அதனைப் படியெடுத்தது. ஆண்டறிக்கை பதிவேட்டைத் தொகுத்தது. வைத்திய அதிகாரி ஆண்டறிக்கையை வாசித்து, கஞ்சா பைத்தியத்துக்குக் காரணம் என்னும் தமது நம்பிக்கையை உறுதிப்படுத்திக்கொண்டார். பொலிஸ்காரனின் ஊகம் நான்கு படிகளேறி விஞ்ஞான உண்மையாயிற்று.

1892ஆம் ஆண்டில் விடுதிகளிற் சேர்க்கப்பட்டோருள் 222 பேரின் நோய்க்குக் கஞ்சாப் பொருள்களே காரணமெனப் பதியப்பட்டிருந்தது. ஆணைக்குழு அவர்களின் வரலாற்றை ஒவ்வொன்றாய் மீள விசாரித்தது. நியாயமாகக் கஞ்சாவைக் காரணமாகக் கொள்ளத்தக்கனவென எஞ்சியவை 98 மட்டுமே. அவற்றுள்ளும் சிலவற்றில் வேறு காரணங்களும் கலந்திருந்தன. சாட்சியங்களின் மூலத்தை நாடி, ஏட்டிலிருந்து மனிதனுக்குத் திரும்பிச் சென்ற இச்செயலே அறிக்கையின் உயிர்நாடி எனலாம். 222 என்ற எண் 98 ஆகக் குறைந்தமையினும், எந்த எண்ணையும் இவ்வாறு விசாரித்தல் இயலும் என்று காட்டியமையே பெரிது.

4

எனினும், அறிக்கையைக் குற்றமற்றதெனப் போற்றுதல் விமர்சனமாகாது. அதன் வரையறைகளையும் சுட்டுதல் கடனாகும்.

முதலாவது, ஆணைக்குழுவை நியமித்த அரசாங்கமே கஞ்சாவிலிருந்து மதுவரி பெற்றுக்கொண்டிருந்தது. குழுவின் தலைவரும் வருமான நிருவாகத்திலே தேர்ந்தவர். தடை வேண்டாம், வரி வேண்டும் என்னும் முடிவு அரசாங்கத்தின் பொருளாதார நலனோடு முரண்படவில்லை. இதனால் மட்டும் முடிவு பொய்யென்று கூறிவிட முடியாது. ஆயினும், ஏகாதிபத்திய அரசொன்று தன் வருவாய்க்கு இடையூறான முடிவை இத்துணை எளிதில் ஏற்றிருக்குமா என்ற வினா நியாயமானதே.

இரண்டாவது, சாட்சிகளுட் பெரும்பகுதியினர் அரசாங்க உத்தியோகத்தரும் வைத்திய அதிகாரிகளுமாவர். கஞ்சாவை நுகர்ந்தோரின் குரல் பிறர் வாயிலாகவே பெரிதும் ஒலிக்கின்றது. தொழிலாளி களைப்பு நீங்கப் புகைக்கின்றான், மலேரியாப் பிரதேசங்களிற் காய்ச்சலுக்குக் காப்பாக நுகர்கின்றான் என்று அறிக்கை அனுதாபத்தோடு குறிப்பிடுகின்றது. ஆனால், ஒரு மனிதன் தன் நாளைக் கடத்தப் புகையை நாடவேண்டிய அளவுக்கு அவன் உழைப்பு ஏன் கடூரமானது என்ற வினாவை அது எழுப்பவில்லை. உழைப்பின் நிலைமையை இயற்கை நியதியாக ஏற்றுக்கொண்டு, அதனைத் தாங்குவதற்கு அவன் கைக்கொள்ளும் வழியை மட்டுமே ஆராய்தல் குடியேற்ற நாட்டாட்சியின் கண்ணோட்டமாகும்.

மூன்றாவது, இந்திய உறுப்பினர் மூவருள் இருவர் பெரும்பான்மையோரின் முடிவோடு முழுதும் உடன்படாது தனிக் குறிப்புகள் எழுதினர். இதனைத் தடைநீக்க வாதிகள் பெரும்பாலும் சொல்லாது விடுகின்றனர். அறிக்கையைச் சான்றாகக் காட்டுவோர் அதனுள்ளேயே இருக்கும் கருத்து வேறுபாட்டையும் சேர்த்தே காட்டுதல் நேர்மையாகும்.

5

இக்குறைபாடுகள் இருந்தும், பின்னர் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிடுமிடத்து இவ்வறிக்கை மிக உயர்ந்தே நிற்கின்றது. 1924–25இல் ஜெனிவாவில் நடைபெற்ற சர்வதேச அபின் மாநாட்டில், முன்னர் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறாதிருந்த கஞ்சாவைப் பற்றிய பிரேரணையை எகிப்தியப் பிரதிநிதி கொணர்ந்தார். எகிப்தில் மனநோயாளரில் 30 முதல் 60 வீதமானோரின் நோய்க்கு ஹஷீஷே காரணமென்பது அவர் முன்வைத்த வாதம். 30க்கும் 60க்கும் இடைப்பட்ட தூரமே அவ்வெண்ணின் தன்மையை உணர்த்தப் போதுமானது. இந்தியாவில் 30 ஆண்டுகளுக்கு முன் பிரித்துப் பார்க்கப்பட்ட அதே வகைப் புள்ளிவிபரம், ஜெனிவாவிற் பிரித்துப் பார்க்கப்படாமல் சர்வதேச உடன்படிக்கைக்கு வழிவகுத்தது. 1925ஆம் ஆண்டின் உடன்படிக்கையிற் கஞ்சா இடம்பெற்றது.

ஐக்கிய அமெரிக்காவின் வரலாறும் இத்தகையதே. 1937ஆம் ஆண்டில் மரிஹுவானா வரிச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சார்பிற் சாட்சியமளித்த வில்லியம் வூட்வேர்ட், சிறைச்சாலைகளையும் சிறுவர் நலனையும் கவனிக்கும் அலுவலகங்களிடமிருந்து நேரடிச் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லையே எனச் சுட்டிக்காட்டினார். சட்டம் நிறைவேறியது. நியூயோர்க் மேயர் லாகார்டியா நியமித்த குழு 1944இல் வெளியிட்ட அறிக்கை, கஞ்சாவைப் பற்றி நிலவிய அச்சங்கள் பலவற்றை மறுத்தது. போதைப்பொருட் பணியகத்தின் தலைவர் ஹரி அன்ஸ்லிங்கர் அதனைக் கண்டித்தார். இங்கிலாந்தில் வூட்டன் குழு 1968இல் எழுதிய அறிக்கை, இந்திய ஆணைக்குழுவின் முடிவோடு தான் உடன்படுவதாகக் கூறியது. உள்நாட்டமைச்சர் கலகன் அதனை நிராகரித்தார். ஜனாதிபதி நிக்சனின் காலத்தில் அமைந்த ஷேஃபர் ஆணைக்குழு, சொந்தப் பாவனைக்காக வைத்திருத்தலைக் குற்றமாகக் கொள்ளலாகாது என 1972இற் பரிந்துரைத்தது. நிக்சன் அதனை ஏற்கவில்லை.

ஆணைக்குழுக்கள் ஆராய்கின்றன, அரசுகள் முன்னரே முடிவெடுத்துவிடுகின்றன. இது தற்செயலான ஒத்திசைவன்று. தடைச்சட்டம் ஒரு பொருளின் மீது விதிக்கப்படுவது போலத் தோன்றினும், நடைமுறையில் அது மனிதர் மீதே விதிக்கப்படுகின்றது. அதுவும் எல்லா மனிதர் மீதும் ஒரே அளவாக விதிக்கப்படுவதில்லை. அமெரிக்கக் குடியியற் சுதந்திரச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே விகிதத்திற் கஞ்சாவை நுகர்ந்தும், அதனை வைத்திருந்த குற்றத்துக்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்காக இருந்தது. சட்டத்தின் பார்வை செடியின் மீது விழுந்தது. அதன் கை ஒரு வர்க்கத்தின் மீதும் ஓர் இனத்தின் மீதும் விழுந்தது.

6

இதுவரை கூறியவை தடைநீக்க வாதிகளுக்குச் சாதகமாய்த் தோன்றலாம். ஆனால், அவர்களும் 1894ஆம் ஆண்டின் அறிக்கையை வேத வாக்காகக் கொள்வதன் மூலம், அவ்வறிக்கை கற்பித்த பாடத்தையே மறந்துவிடுகின்றனர். மிதமான நுகர்வு தீங்கற்றது என்ற முடிவு, அக்காலத்தின் பங்குக்கும் கஞ்சாவுக்கும், அக்காலத்தின் நுகர்வு முறைக்கும் உரியது. இன்று வட அமெரிக்கச் சந்தைகளில் விற்கப்படும் செறிவூட்டிய சாற்றுப் பொருள்களை ஆணைக்குழு கண்டதில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்று, வலிமை மிக்க கஞ்சாவை நாள்தோறும் நுகர்வோரிடத்து உளப்பிறழ்வு ஏற்படும் வாய்ப்பு, ஒருபோதும் நுகராதோரோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 5 மடங்காகக் காணப்பட்டதெனக் கூறுகின்றது. இத்தொடர்பு காரண காரியத் தொடர்புதானா என்பது இன்னும் விவாதத்துக்குரியது. ஆயினும், இவ்வாய்வில் நோயாளர் நேரே விசாரிக்கப்பட்டனர். பொலிஸ் படிவத்தின் ஊகம் இதற்கு அடிப்படையன்று. 98 என்ற எண்ணைக் கண்டடைந்த நேர்மையைப் போற்றுவோர், அதே நேர்மையோடு இவ்வெண்ணையும் எதிர்கொள்ளுதல் வேண்டும்.

மேலும், ஆணைக்குழு பரிந்துரைத்தது தடையற்ற வணிகமன்று. பயிரிடும் நிலத்தையும் கடைகளின் தொகையையும் கையிருப்பின் அளவையும் குறுக்கி, விலையை உயர்த்தி, நுகர்வை அடக்கி வைப்பதே அதன் திட்டம். உருகுவே இதற்கு ஓரளவு அண்மையில் நிற்கின்றது: அங்கு நுகர்வோர் பதிவு செய்யப்படுகின்றனர், அரசு அனுமதித்த கஞ்சா மருந்தகங்களில் 2017 முதல் வரையறுத்த அளவில் விற்கப்படுகின்றது. ஆனால், கொலராடோவும் வோஷிங்டனும் 2012ஆம் ஆண்டின் வாக்கெடுப்புகளின் பின் திறந்துவிட்ட வழி வேறு. ஒரு போதைப்பொருளை முதலாளித்துவச் சந்தையிடம் ஒப்படைத்தால், அச்சந்தை தன் இயல்புக்கேற்ப விற்பனையைப் பெருக்கவே முனையும். நாள்தோறும் மிகையாக நுகர்வோனே அதற்குச் சிறந்த வாடிக்கையாளன். ஆணைக்குழு எவனைக் குறித்துக் கவலை கொண்டதோ, அவனாலேயே வணிகம் வாழ்கின்றது. புகையிலைக் கம்பனிகளின் வரலாற்றை அறிந்தோருக்கு இது புதுமையன்று.

ஆகவே, தடையும் கட்டற்ற வணிகமும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவையெனக் கொள்வது முழு உண்மையன்று. முன்னையது பொருளைக் கள்ளச் சந்தையிடமும், பின்னையது திறந்த சந்தையிடமும் விட்டுவிடுகின்றது. இரண்டிலும் பலவீனமானவனைக் காக்கும் பொறுப்பை அரசு கைவிடுகின்றது.

7

இவ்விவாதம் நமக்குத் தொலைவானதன்று. ஜெனிவா உடன்படிக்கை உருவாகி நான்கு ஆண்டுகளில், 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. மறுபுறம், 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேத வைத்தியர்கள் மருந்துக்காகக் கஞ்சாவைப் பெற இடமளிக்கின்றது. ஒரே செடி, ஒரு சட்டத்தில் நஞ்சாகவும் இன்னொரு சட்டத்தில் மருந்தாகவும் நிற்கின்றது. 1984ஆம் ஆண்டின் திருத்தம் ஹெரோயின் முதலியவற்றைக் கடத்துவோருக்கு மரண தண்டனையையும் விதித்தது. நாட்டில் 1976இன் பின் எவரும் தூக்கிலிடப்படாதிருந்தும், போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் தண்டனையை நிறைவேற்ற 2019இல் அன்றைய ஜனாதிபதி கையொப்பமிட்டதாக அறிவித்தார். உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது.

2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையின்போது, கைதானோரின் தொகையும் கைப்பற்றிய பொருளின் நிறையும் நாள்தோறும் அறிவிக்கப்பட்டன. அவ்வெண்கள் வெற்றியின் சான்றுகளாகப் பத்திரிகைகளில் இடம்பெற்றன. 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அந்நடவடிக்கையை நிறுத்துமாறு கோரினர். இங்கே 1892ஆம் ஆண்டின் மனநோய் விடுதிப் பதிவேடு நினைவுக்கு வருதல் வேண்டும். கைதானோருள் எத்தனை பேர் நுகர்வோர், எத்தனை பேர் விற்போர்? எவரிடம் எப்பொருள், எத்துணை அளவு இருந்தது? எத்தனை பேரின் குற்றம் நீதிமன்றத்தில் நிரூபணமாயிற்று? சிகிச்சை வேண்டியோர் எத்தனை பேர் சிறைக்குச் சென்றனர்? இவ்வினாக்களுக்கு விடை கூறாத எண், பொலிஸ்காரனின் படிவத்தில் எழுதப்பட்ட ஊகத்தைவிட உயர்ந்ததன்று.

நமது மொழி வழக்கும் இக்குழப்பத்துக்குத் துணைபோகின்றது. கஞ்சாவையும் ஹெரோயினையும் ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமைனையும் போதைப்பொருள் என்ற ஒரே சொல்லால் வழங்குகின்றோம். மேடைகளிலும் ஆசிரியத் தலையங்கங்களிலும் அச்சொல் எழுப்பும் அச்சத்தில் வேறுபாடுகள் அனைத்தும் மறைந்துவிடுகின்றன. இதனாற் கெடுவது இரு திறத்தினர். சிறிதளவு கஞ்சாவோடு பிடிபட்ட கூலித் தொழிலாளியின் மகன் கடத்தல்காரனோடு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றான். ஐஸுக்கு அடிமையாகி உண்மையில் உயிராபத்தில் நிற்பவனோ, எல்லாம் ஒன்றே என்று பழகிப்போன சமூகத்தால் உரிய வேளையில் இனங்காணப்படாது போகின்றான். பங், கஞ்சா, சரஸ் எனப் பிரித்து நோக்கிய 1894ஆம் ஆண்டின் அறிக்கை, மொழி நுட்பத்தில் நம்மைக் காட்டிலும் முன்னே நிற்பது வெட்கத்துக்குரியது.

இலங்கை கஞ்சாவை அனுமதித்தல் வேண்டுமா என்னும் வினாவுக்கு இக்கட்டுரை விடை பகரவில்லை. அவ்விடை, நம் நாட்டில் எவர், எதனை, ஏன் நுகர்கின்றனர், அவர்களுக்குச் சட்டம் என்ன செய்கின்றது என்ற அறிவின் மீது எழுதல் வேண்டும். ஜெனிவாவிலிருந்தோ கொலராடோவிலிருந்தோ அதனை இரவல் பெறுதல் இயலாது. அவ்வறிவைத் திரட்டுவது பெருந்தொகைப் பணம் வேண்டும் காரியமன்று. நீதவான் நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கின்றன. சமூகவியல், பொருளியல், சட்டம், மருத்துவம் பயிலும் மாணவர்கள் ஓராண்டுக் காலம் அங்கு முறையாக அமர்ந்து, விளங்கும் வழக்குகளைப் பதிந்து, அவற்றின் பின்னாலுள்ள மனிதர்களைச் சந்தித்தால், எந்த அமைச்சின் ஆண்டறிக்கையிலும் கிடைக்காத உண்மைகள் கிடைக்கும். ஏகாதிபத்திய அரசின் உத்தியோகத்தர் எண்மருக்கு உட்பட்ட ஒரு சிறு குழுவாக நின்று, தம் அரசாங்கத்தின் எண்ணையே ஐயுற்று மீள விசாரித்தனர். சுதந்திர நாட்டின் பல்கலைக்கழகம் அதனிலும் குறைந்ததைச் செய்தல் தகாது.